மெதக்குறது உள்ள, முயுகுறது வெளிய

எங்கூட்டுக்காரு பேரு ஜெயவேலு. ஆனா எங்க குப்பத்துக்கு வந்து ஜெயவேலு வூடு எதுன்னு கேட்டீங்கன்னா முயிப்பானுங்க. ஆயில்காரன் வூடுன்னு கேளுங்க, நாய்கூட வயி காட்டும். அந்தப் பேரு மேல அவருக்கு அப்படி ஒரு பெரும இருந்துச்சி. இப்ப யாராச்சும் அப்படிக் கூப்ட்டா தலையக் குனிஞ்சிகினு போறாரு. இன்னாத்துக்குன்னு நானே சொல்லிடுறேன். பொண்டாட்டி வாயால சொல்றதுக்குக் கூச்சமாத்தான் கீது. நான் சொல்லாம வுட்டா வேற யாராச்சும் கை, காலு, மூக்கு வெச்சி சொல்லுவாங்க, அதுக்கு இது மேலு.

அவரு எண்ணூர் ஆத்துல எறா புடிச்சவரு. கடலுக்குப் போற ஆளு இல்ல. முகத்துவாரத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு வல வுடுற ஆளு. ஆறு நல்லா இருந்த வரைக்கும் எங்க பொயப்பும் நல்லாத்தான் இருந்துச்சி. அப்பால கரண்ட்டு கம்பெனிலேர்ந்து சாம்பல் வந்துச்சி, சுடுதண்ணி வந்துச்சி, ஒரு வெள்ளத்துல எண்ணெயே வந்துச்சி. வலயத் தூக்குனா எறாவுக்கு முன்னாடி கவருதான் வரும். பால் கவரு, ஷாம்பு கவரு, பிரியாணி கட்டுன கவரு. கரையில குந்திகினு வலயிலேர்ந்து கவரப் பிரிச்சிப் பிரிச்சிப் போடுவாரு. "இன்னாமே இது, நான் மீன் புடிக்கிறவனா, குப்ப பொறுக்குறவனா?"ன்னு என்னயக் கேப்பாரு. நான் இன்னா பதில் சொல்றது? அவரு எறா புடிச்சாதான நான் விக்க எட்துகினு போற கூடையும் நெறயும்.

அப்பதான் மணலி ரோட்டுல ஒரு ஷெட்டு போட்டாங்க. பிளாஸ்டிக்கக் காச்சி எண்ணெ எடுக்குறாங்களாம்னு பேச்சு வந்துச்சி. இவரு நம்பல. நேராப் போயி பாத்துட்டு வந்தாரு. வந்தவரு மூஞ்சியில ஒரு சிரிப்பு, கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அத்தப் பாக்கல. "ஏமே, ஆத்துல எனக்கு எமனா வந்துச்சே அந்தக் கவரு, அத்தக் கொதிக்க வெக்கிறானுங்கமே! கொதிக்க வெச்சி எண்ணெயாப் புழியுறானுங்க! நான் அங்கதான் போவப் போறேன்"னாரு. அடுத்த வாரமே சேந்துட்டாரு.

அது எப்படி எண்ணெயாவுதுன்னு எனக்கு அவரு சொன்ன மாரியே சொல்றேன். பெரிய இரும்பு டிரம்மு. உள்ள பிளாஸ்டிக்கப் போட்டு, காத்து போவாம மூடிய இறுக்கி, அடியில நெருப்பு வெப்பாங்க. காத்து இல்லாததால அது எரியாது, உருகி ஆவியாவும். அந்த ஆவி கொயா வயியா தண்ணித் தொட்டிக்குள்ள போயி, ஆறி, அந்தாண்ட எண்ணெயா சொட்டும். "சாராயம் காச்சுற மாரிதான்"னு சொல்லிட்டு, பக்கத்துல குந்திகினு இருக்குற எங்கப்பன ஒரு பார்வ பாப்பாரு. எங்கப்பன் காதுல வுயாத மாரி பீடியப் பத்த வெக்கும்.

ஷெட்டுல இவருக்குப் பிரிக்கிற வேல. எல்லா பிளாஸ்டிக்கும் டிரம்முக்கு ஆவாதாம். கவரு, பக்கெட்டு, கயிறு இதெல்லாம் நல்ல சரக்கு. தண்ணிக் கொயா, ஒயரு மேல கீற ஒற இதெல்லாம் வெஷம். உள்ள போச்சின்னா அதோட ஆவி ஆசிட்டா மாறி இரும்பையே அரிச்சிடும். நல்லதையும் கெட்டதையும் எப்படி கண்டுபுடிக்கிறது? அதுக்கு ஒரு தொட்டித் தண்ணி. துண்டு துண்டா வெட்டி தண்ணியில போட்டா, நல்ல சரக்கு மெதக்கும், கெட்ட சரக்கு முயுகும். மொதலாளி சொல்லிக் குடுத்தது ஒரே பாட்டு: மெதக்குறது உள்ள, முயுகுறது வெளிய.

யம்மா, அந்தப் பாட்ட வெச்சிகினு எங்கள அவரு படுத்துன பாடு! என் சீப்ப ஒடச்சி பக்கெட்டுல போட்டுப் பாப்பாரு. சோப்பு டப்பா மூடியக் காணோம்னு தேடுனா குண்டான்ல மெதந்துகினு இருக்கும். சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தியில குந்திகினு டம்ளரக் கிழிச்சி ரசத்துல போட்டாரு பாருங்க, எனக்கு மானமே பூடுச்சி. "யோவ், சோறு துன்னுயா, அது மெதந்தா இன்னா முயுகுனா இன்னா"ன்னு தொடையில கிள்ளுனேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கும் சந்தோசந்தான், பொய் சொல்ல மாட்டேன். தோத்துப்போன மனுசன் மறுபடியும் நிமிந்து நடந்தாரு.

எப்பவாச்சும் மொதலாளியாண்ட கேட்டுகினு ஒரு கேன் எண்ணெ எட்தாருவாரு. அத்த எங்க நாத்தனா வூட்டுக்குத்தான் குடுப்பாரு. நாத்தனா சொக்கம்மா, இவரோட கூடப்பொறந்த அக்கா. அம்மா செத்தப்பறம் இவர வளத்ததே அந்த மனுசிதான். அவ புருசன் மணி மாமாவுக்குச் சொந்தமா ஒரு பைபர் படகு, நாங்க போட்டும்போம், இருந்துச்சி. டீசலோட ரவ இந்த எண்ணெயயும் கலந்து ஊத்திகினு கடலுக்குப் போவாரு. பொக கொஞ்சம் கலீஜா வரும், நாத்தம் அடிக்கும், ஆனா இஞ்சின் ஓடுச்சி. மீன் மார்க்கெட்டுல சொக்கம்மா பீத்திக்குவா பாருங்க, "எங்க போட்டு என் தம்பி காச்சுன எண்ணெயில ஓடுது"ன்னு.

இப்ப தப்பு எங்க நடந்துச்சின்னு கேளுங்க. மழக்காலத்துல ஷெட்டுக்குச் சரக்கு கொறஞ்சி போச்சி. வர்ற கவரெல்லாம் ஒரே சேறு. இவரு யோசிச்சாரு. எங்க குப்பத்துக் கரையில, கல்லு கொட்டியிருக்குற எடத்துல, பழைய வலைங்க மல மாரி கெடக்கும். வலயில கட்டுற மிதவைங்க, மஞ்சளு, வெள்ள, உருண்ட உருண்டயா. மூட்ட மூட்டயா அறுத்துகினு போனாரு. தொட்டியில கொட்டுனாரு. மெதந்துச்சி. மெதக்காம இன்னா பண்ணும்? மெதக்குறதுக்குன்னே செஞ்ச சாமானாச்சே! வேற ஊருக்காரனா இருந்தா, இது இன்னா பொருளு, எதுல செஞ்சதுன்னு ஒரு கேள்வியாச்சும் கேட்டிருப்பான். பொறந்ததுலேர்ந்து மிதவைய நம்பி வல வுட்டவன் மிதவையப் போயி சந்தேகப்படுவானா? மூட்டயோட உள்ள தள்ளிட்டாரு. அந்த எண்ணெயில ஒரு கேன் மணி மாமாவுக்குப் போச்சி.

கொஞ்ச நாளுல ஷெட்டுல கொயா ஓட்டையாகி ஆவி கசிஞ்சிடுச்சி. எல்லாரும் இருமிகினு வெளிய ஓடி வந்திருக்காங்க. மொதலாளி வந்து சரக்கக் கிளறிப் பாத்துட்டு ஒரு மிதவைய எடுத்து ஒடச்சிக் காட்டுனாராம். "இது தண்ணிக் கொயா செய்ற அதே சரக்குதான்யா. உள்ள காத்த ஊதி நொறயாக்கி வெச்சிருக்கான், அதான் மெதக்குது. இந்த எண்ணெய எவனுக்கும் குடுக்காத, இரும்பத் துன்னுடும்"னு சொல்லி, கெடங்குல இருந்த எண்ணெய எல்லாம் ஓரமாத் தூக்கி வெக்கச் சொல்லிட்டாரு.

இவரு அன்னிக்குச் சாயங்காலமே மணி மாமாவப் பாக்கப் போயிருக்காரு. "மாமா, அந்தக் கேன ஊத்தாத"ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான் வேல. போன எடத்துல மாமா நாலு பேரோட குந்திகினு வல பின்னிகினு இருந்திருக்காரு. இவரப் பாத்ததும், "வாடா மச்சான்! டேய், என் மச்சான் கண்ணுல வெளக்கெண்ணெய வுட்டுகினு பிரிப்பான்டா, ஒரு துண்டு தப்பாப் போவாது"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு. இவருக்கு வாயி வரல. இவ்ளோ பேரு முன்னாடி என் எண்ணெ கெட்டுப் போச்சின்னு எப்படி சொல்றதுன்னு வெக்கம். டீ குடிச்சிட்டு வந்துட்டாரு. டீசலோட கலக்குறதுதான, இன்னா ஆவப் போவுதுன்னு தனக்குத்தானே சொல்லிகினாராம்.

இன்னா ஆச்சி தெரிமா? அந்த எண்ணெய ஊத்திகினு போன போட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் போயிகினு இருக்கும்போதே இஞ்சின் நின்னு போச்சி. கயித்த இயுத்து இயுத்துப் பாத்தாங்க, உசுரே இல்ல. அல தூக்கிட்டுப் போயி கல்லுக்கரை மேல அடிச்சிடுச்சி. கூட இருந்தவங்க குதிச்சித் தப்பிச்சிட்டாங்க. மணி மாமா போட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டிகினாரு. போட்டு ரெண்டாப் பொளந்துச்சி, காலு நொறுங்கிச்சி. ஆஸ்பத்திரியில கம்பி வெச்சாங்க. இனிமே கடல்ல நின்னு வல இழுக்குற காலு இல்ல அதுன்னு டாக்டரு மெதுவாச் சொன்னாரு.

பழி ஒரு எடம், பாவம் ஒரு எடம்னு சொல்லுவாங்களே, அது நடந்துச்சி. அந்த இஞ்சினோட டீசல் பம்ப்ப அதுக்கு முந்தின வாரந்தான் காஜா மொய்தீன் பாய் பிரிச்சி மாட்டியிருந்தாரு. ரோட்டோரத்துல மெக்கானிக் கடை வெச்சிருக்குற மனுசன். எங்க குப்பத்துல பாதி இஞ்சினு அவரு கைபட்டதுதான். பம்ப்புதான் செத்துப் போச்சின்னு தெரிஞ்சதும் எல்லா வாயும் பாய் மேல திரும்பிடுச்சி. சொக்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து தல முடியக்கூட முடியாம நேரா அவரு கடைக்கு வந்தா. ரோட்டோரத்து மண்ண ரெண்டு கையாலயும் வாரி, கடை வாசல்ல தூத்துனா. "என் புருசன் காலு வெளங்காமப் போனா மாரி உன் கை வெளங்காமப் பூடும்! உன் கடை மண்ணாப் பூடும்!"னு கத்துனா.

எங்க ஜனங்க வாயால ஆயிரம் திட்டுவாங்க, அது காத்தோட போயிடும். மண்ண வாரித் தூத்திட்டா அது வேற. வவுறு எரிஞ்சி தூத்துன மண்ணு சும்மா வுடாதுன்னு சின்னப் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும். பாய் ஸ்பேனரக் கீய வெச்சிட்டு கையக் கட்டிகினு நின்னாரு. எங்கூட்டுக்காரு அக்காவுக்குப் பின்னாடிதான் நின்னுகினு இருந்தாரு. ஒடம்பெல்லாம் நடுங்குச்சி. பாவம், மாமாவ நெனச்சி நடுங்குறாருன்னு நான்தான் தோளப் புடிச்சிகினேன். இப்ப அத்த நெனச்சா என் கையவே வெட்டிக்கலாம்னு தோணுது.

அதுலேர்ந்து பாய் கடைக்கு ஒருத்தனும் போவல. ஷட்டரு மூடியே கெடந்துச்சி. இவரு சோறு துன்னுறதில்ல. "இன்னா ஆயிலு, சரக்கு வரலியா?"ன்னு பசங்க கேட்டா, இல்லன்னு கையாட்டிட்டு வேற சந்துல போயிடுவாரு. அக்கா வூட்டுக்கு நான்தான் கஞ்சி எட்துகினு போனேன், இவரு வாசப்படிகூட மிதிக்கல. ஒடம்பு சரியில்ல போலன்னு நான் மந்திரிச்சிக் கயிறு கட்டி வுட்டேன். கயிறு கட்ற நோவா அது?

ஒரு நா மத்தியானம் பாய் எங்க வூட்டுக்கு வந்தாரு. மனுசன் பாதியா எளச்சிப் போயிருந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்லயே நின்னுகினு எங்கூட்டுக்காரரப் பாத்து, "தம்பி, உங்க அக்காவாண்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுப்பா"ன்னாரு.

"இன்னா பாய்?"ன்னு இவரு கேட்டாரு.

"எனக்குக் கண்ணு முன்ன மாரி இல்லப்பா. பம்ப்ப மாட்டும்போது எதையோ தப்பா வெச்சிட்டேன் போல. எவ்ளோ யோசிச்சும் எதுன்னு தெரியல. ஆனா நாந்தான பிரிச்சேன், நாந்தான மாட்டுனேன். ஒரு குடும்பத்தையே ஒக்கார வெச்சிட்டனே. இனிமே நான் இஞ்சின்ல கை வெக்கப் போறதில்ல. அக்காவ என்னய மன்னிக்கச் சொல்லுப்பா. நானே போனா அது மனசு இன்னும் நோவும்."

எங்கூட்டுக்காரு செவுத்தப் புடிச்சிகினு நின்னாரு. பாய் கொஞ்ச நேரம் பாத்துட்டு, சரிப்பான்னு திரும்பிப் போயிட்டாரு. அவரு தெரு தாண்டுனதும் இவரு அப்படியே குந்தி, ஓன்னு அயுதாரு. அயுதுகினே மிதவையிலேர்ந்து டீ குடிச்ச வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டாரு.

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்! கையில வெளக்கமாறு இருந்துச்சி, அத்த எங்கயோ வீசுனேன். "அட பாவி! தெரியாம மிதவையப் போட்ட, அத்த வுடு, யாருக்கு வேணா நடக்கும். தெரிஞ்சப்பறம் ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு நாக்கு வரலியா? செய்யாத தப்புக்கு அந்த மனுசன் வந்து வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்குறாரு, நீ செவுத்தப் புடிச்சிகினு நிக்கிற!"

"செங்கொடி, அக்கா மூஞ்சிய நான் எப்படி பாப்பேன்?"

"பாய் மூஞ்சிய இப்ப பாத்தியே, அது எப்படி?"

சொல்லலன்னா ஒரு மனுசன் தன் கையத் தானே நம்பாம சாவப் போறான். சொன்னா பெத்தவ மாரி வளத்த அக்காவோட ஒறவு போச்சி, குப்பத்துல தல நிமிந்து நடக்குறதும் போச்சி. ரெண்டுல ஒண்ணு. "நீ போறியா, நான் போவட்டா?"ன்னேன். எழுந்து மூஞ்சியக் கயுவினாரு. "நீயும் கூட வாமே"ன்னு சொன்னாரு, கொயந்த மாரி.

போயி சொக்கம்மாவ இட்டாந்தோம். பாயயும் கூட்டினு வந்தோம். பாய் கடை வாசல்லதான் நின்னோம். மூடுன ஷட்டருக்கு முன்னாடி, அன்னிக்குத் தூத்துன மண்ணு அப்படியே கெடந்துச்சி. பாய் அத்தப் பெருக்கவே இல்ல. தனக்கு வந்தது தன் வாசல்லயே இருக்கட்டும்னு வுட்டுட்டாரு போல. ரோட்டுல போற வர்ற ரெண்டு பேரு நின்னு பாத்தாங்க. எங்கூட்டுக்காரு எல்லாத்தையும் சொன்னாரு. தல தொங்கிகினுதான் சொன்னாரு, ஆனா எதையும் முயுங்கல. வல பின்ற எடத்துக்குப் போயும் சொல்லாம வந்தத ரெண்டு தபா சொன்னாரு.

சொல்லி முடிச்சதும் பாய் தன் ரெண்டு கையயும் விரிச்சி விரிச்சிப் பாத்தாரு. "அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்"னாரு. அவ்ளோதான். திட்டல, அடிக்கல. கடைப்படியில குந்திட்டாரு, கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டிச்சி. அவரு நாலு வார்த்த திட்டியிருந்தா எங்களுக்கு எவ்ளோவோ மேலு.

இவரு அக்கா முன்னாடி போயி நின்னாரு. "அக்கா, இந்த மண்ணு எனக்கு வர வேண்டியது. எடுத்து என் மேல தூத்துக்கா"ன்னாரு.

சொக்கம்மா குனிஞ்சா. அவ வவுறு எரிஞ்சா அது எரியும், நியாயம் அவ பக்கந்தான் கீது, நான் எந்த வாயால வேணாம்னு சொல்றது? அவ மண்ண வாரி எடுத்தா. எடுத்து, தூத்தல. முந்தானைய விரிச்சி அதுல போட்டா. மறுபடியும் வாரினா, போட்டா. ஷட்டரு இடுக்குல இருந்ததக்கூட வெரலால வயிச்சி எட்தா. கடைசியா பாய் கால்ல வுயப் போனா. அவரு வேணாம்மா, வேணாம்மான்னு பின்னாடி போயிட்டாரு. அந்த முந்தானைய முடிஞ்சிகினு கடலப் பாத்து நடந்தா.

"அக்கா, அக்கா"ன்னு இவரு பின்னாடியே ஓடுனாரு. கரைக் கல்லாண்ட போயி திரும்பி நின்னா.

"என் பின்னாடி வராத. வேற எவனா இருந்தாலும் இந்த மண்ண அவன் தலயில கொட்டியிருப்பேன். உன் மேல கொட்டுனா எங்கம்மா வூட்டு மேலதான்டா வுயும். அந்த வூட்டுக்கு நான் எப்படிடா மண்ணத் தூத்துவேன்? அதான் கடல்ல கொட்டப் போறேன். நீ வூட்டுக்குப் போ."

கல்லு மேல எறங்கிப் போயி முந்தானைய ஒதறிட்டு, எங்களத் திரும்பிப் பாக்காம புருசன் படுத்துகினு இருக்குற வூட்டுக்கு நடந்துட்டா. எங்கூட்டுக்காரு அங்கயே நின்னுகினு இருந்தாரு. நான் கையப் புடிச்சி இயுத்தேன், வரல.